யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வேலை

புதுக்கோட்டையில் ஃபங்ஷனல் புரோகிராமிங் எழுதிச் சம்பளம் வாங்கியவர்கள், எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு மாடியில்தான் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். கீழே ரத்தப் பரிசோதனை நிலையம், மேலே நாங்கள். வெறும் வயிற்றோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக்காரர்களைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். எங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எங்களையும் லேப் ஆட்கள் என்று நினைத்து ரிசல்ட் கேட்பார்கள். முதல் வருடம் பொறுமையாக விளக்கினேன். அப்புறம் "நார்மல்தான், போங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவேன்.

அந்த மாடியில் சீனியர் நாற்காலி இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்றில் என்னைவிட வயதில் இளைய ஒருவர் இருந்தார். திருமயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், என்னை அக்கா என்று கூப்பிடுவார். மற்றவர்கள் எல்லாம் காலேஜ் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் குளிர்பதனக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் வேலை. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பது என் பாதி. எந்த லாரி எந்த வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பது அவர் பாதி.

முதலாளிக்குத் திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பூர்வீக வீடு, குடித்தனம் சென்னையில். மாதம் ஒருமுறை காரில் வருவார். அவருடைய முன்னோர் கடல் கடந்து கடை வைத்திருந்தவர்கள். கடையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஓர் ஏஜெண்டை அனுப்புவார்களாம், மூன்று வருடம் முடிந்ததும் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு வேறொருவரை அனுப்புவார்களாம். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மூன்று வருடம்தான். ஆள் மாறும், கடை அசையக் கூடாது. ஒவ்வொரு முறை வரும்போதும் இதைச் சொல்வார். நாங்களும் முதல் தடவை கேட்பதுபோல் தலையாட்டுவோம்.

அந்தக் குடும்ப வழக்கத்தை அவர் எங்கள் ஆபீஸிலும் கொண்டுவந்து வைத்திருந்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை 'மாத்து நாள்'. அன்றைக்கு எல்லோரும் நாற்காலி மாறி உட்கார வேண்டும். அடுத்தவர் எழுதிய நிரலில் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து முடிக்க வேண்டும். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நான் மட்டும் மாதம் முழுக்க அந்த நாளை மனதில் வைத்துத்தான் எழுதுவேன். என் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தடுமாறக் கூடாது என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது நிரலின் ஒரு சின்னத் துண்டுக்கு, ஒரே பொருளைக் கொடுத்தால் எப்போதும் ஒரே விடை வர வேண்டும். தனக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டு அது வெளியே போகக் கூடாது. டேட்டாபேஸ் வேண்டுமா, கடிகாரம் வேண்டுமா, வெளியில் இருப்பவர் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பதற்குத்தான் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்று பெரிய பெயர். கையில் கொடுப்பதால் ஒரு வசதி. நிஜக் கடிகாரத்தை எடுத்துவிட்டுப் பொம்மைக் கடிகாரத்தைக் கொடுத்தாலும் ஃபங்ஷனுக்கு வித்தியாசம் தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். அடுத்தது ஸ்டேட். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும் விஷயங்கள், இந்த நிமிடம் கிடங்கில் எத்தனை பெட்டி என்பதுபோல. அதை எங்கே வைப்பது, யார் தொடலாம் என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதிச் சண்டை. இரண்டையும் பார்த்துக்கொள்ள, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் எழுதிப் பொதுவில் போட்ட ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள், யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய தயார் நிரல் தொகுப்புகள், ஏராளம். நான் என் பாதிக்கு ஒன்றை எடுத்திருந்தேன், அவர் தன் பாதிக்கு வேறொன்றை எடுத்திருந்தார். ஆரம்பத்தில் கேட்பாரில்லை.

பிறகு அந்த வெளிநாட்டுக் கம்பெனி கேட்டது. ஒரே மென்பொருளுக்குள் எதற்கு இரண்டு லைப்ரரி, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். அதோடு, அடுத்த வருடத்திலிருந்து ஒரு சீனியருக்குத்தான் பணம் கொடுப்போம் என்றும் சொல்லிவிட்டார்கள். முதலாளி எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார். இரண்டு லைப்ரரியையும் இருவரும் ஒப்பிட்டு எழுத வேண்டும். அடுத்த மாத்து நாளுக்கு அவரே வருவார். அதற்குப் பிறகு லைப்ரரியும் ஒன்று, நாற்காலியும் ஒன்று. சொல்லிவிட்டு எங்களுக்குக் காபி வரவழைத்தார்.

எனக்கு அந்த நாற்காலி எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு வேலைக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றும். நான் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கட்டிக்கொடுத்தது கந்தர்வக்கோட்டையில், முந்திரித் தோப்பு வைத்திருக்கும் வீட்டில். சேர்ந்து வாழ முடியவில்லை. எங்கள் ஆட்கள் விவாகரத்து என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், 'தனியா இருக்காங்க' என்பார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மகள் அந்த வீட்டில் வளர்வாள், நான் புதுக்கோட்டையில் இருக்கும்வரை சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம்வரை என்னிடம் இருப்பாள் என்று முடிவானது. வெளியூரில் வேலை கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "போனா அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பாத்துக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

மாவட்டத்தில் என் வேலைக்கு வேறு ஆபீஸ் கிடையாது. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆசை காட்டிய கம்பெனிகளெல்லாம் ஆட்களைத் திரும்ப ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஆக, நாற்காலி போனால் ஞாயிற்றுக்கிழமையும் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிதாக எதுவும் நடக்காது. காலையில் சர்ச்சில் பூசைக்குப் போவோம், கறி எடுத்து வந்து சமைப்பேன், அவள் சாப்பிட்டுத் தூங்குவாள். சாயங்காலம் கந்தர்வக்கோட்டை பஸ் ஏறுவதற்கு முன்னால், திங்கட்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கான ரெட்டைச் சடையை அப்போதே பின்னி ரிப்பன் கட்டிவிடுவேன். தூங்கி எழுந்தாலும் கலையாதபடி இறுக்கிப் பின்னுவேன். கண்ணிரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும். "வலிக்குதும்மா" என்பாள். பொறுத்துக்கோ என்பேன். அந்த வீட்டில் வேறு யாரும் அவள் தலையில் கை வைக்க வேண்டிய தேவை வரக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

ஒப்பீட்டை நான் நேர்மையாக எழுதினேன். என் லைப்ரரி கண்டிப்பான பேர்வழி. ஒவ்வொரு ஃபங்ஷனும் தனக்கு என்னென்ன வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடும். அதில் ஒன்றைக் கொடுக்க மறந்தால் நிரல் கம்பைலே ஆகாது, ஓடுகிற நிலைக்கே வராது, தப்பு நம் மேஜையிலேயே நின்றுவிடும். ஸ்டேட் ஒரே இடத்தில் பூட்டியிருக்கும். ஒருவர் மாற்றி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அதன் குறைகளையும் மறைக்கவில்லை. பிழைச் செய்தி திரையைத் தாண்டி நீளும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துப் பாத்ரூமுக்குள் போய் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு வந்து அந்த அடைப்புக்குறியை மூடு என்றேன். மூடினாள், ஓடியது. அந்த லைப்ரரியை எழுதியவர்களிடம் சந்தேகம் கேட்டால், கொடுத்திருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள் என்று பதில் போடுவார்கள். எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது.

அவருடைய லைப்ரரி தாராளப் பிரபு. ஆரம்பிப்பது சுலபம், ஏகப்பட்ட பேர் பயன்படுத்துகிறார்கள், எந்தச் சந்தேகத்துக்கும் யாராவது உடனே பதில் சொல்வார்கள். இதையெல்லாம் அப்படியே எழுதினேன். ஆனால் அதில் பின்னால் ஒரு பொதுப் பை தொங்கும். எல்லோருக்கும் வேண்டியது எல்லாம் அதற்குள். யார் வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம், மாற்றலாம், மேலே சீட்டு எதுவும் இருக்காது. பையில் ஒரு பொருள் இல்லை என்பது ஓடும்போதுதான் தெரியவரும். அப்போதும் நமக்குத் தெரியாது, உறைகுளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு லாரிக்குக் காத்திருக்கும் ஆளுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு எங்கள் ஆள் அந்தப் பைக்குள்ளேயே தன் பங்குக்குச் சில சந்துபொந்துகள் வெட்டி வைத்திருந்தார். எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கெட்டிக்காரர் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவு சிக்கலை நினைவில் வைத்திருக்கவே ஒரு மூளை வேண்டும்.

அவர் எழுதிய ஒப்பீடு ஒரு பக்கம்கூட வரவில்லை. இரண்டும் நல்ல லைப்ரரிதான், டீம் எது சொன்னாலும் சம்மதம் என்று முடித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, திருமயத்தை விட்டு நகர முடியாது, இருந்தும் இப்படி அசமந்தமாக இருக்கிறாரே என்று நினைத்தேன். பாவம் என்றுகூட நினைத்தேன்.

மாத்து நாளில் முதலாளி சொன்னபடி வந்து, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லாரிப் பாதியில் எனக்குக் கொடுத்த வேலை இதுதான்: லாரி தாமதமானால் அதற்கு ஒதுக்கிய வாசலை வேறு லாரிக்குத் தர வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. நான் ஓர் இடத்தில் மாற்றினேன், சம்பந்தமில்லாத இன்னோர் இடத்தில் லாரிகள் காணாமல் போயின. அதைச் சரி செய்தால் ஒரே லாரி இரண்டு வாசலில் நின்றது. எது எங்கிருந்து மாறுகிறது என்று தேடித் தேடி, ஏசி அறையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம்வரை முட்டி மோதியும் முடியவில்லை.

என் நாற்காலியில் திருமயத்துக்காரர். காலாவதியான பெட்டிகளை நாள் மாறும் நேரத்தில் கழித்துவிட வேண்டும் என்பது அவருக்கு வந்த வேலை. ஃபங்ஷன் கேட்கும் இடத்தில் பொம்மைக் கடிகாரத்தைக் கொடுத்தார், சோதித்தார், இரண்டு வரி எழுதினார், திரும்ப நிஜக் கடிகாரத்தை வைத்தார். காலை வடை வருவதற்குள் முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, ஒங்க கோடிங் பச்சப்புள்ள கூட பாக்கலாம்க்கா, அம்புட்டு ஈஸி" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான் என்று அந்த நிமிடம் நினைத்தேன். மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன கறி எடுக்கலாம் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் ஒப்பீட்டை முழுக்கப் படித்ததாகச் சொன்னார். இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை என்றார். இனிமேல் எல்லாப் புது வேலைக்கும் என் லைப்ரரிதான் என்றார். நான் நன்றி சொன்னேன். பிறகு, உங்கள் பாதியை நாளைக்கு வேறொருவர் எடுத்தால் ஓடுமா என்று கேட்டார்.

"தாராளமா ஓடும் சார். நான் இல்லாட்டியும் ஓடும். அதுக்குத்தான சார் அப்படி எழுதுறது."

"அவரு பாதி?"

"அவரு இல்லைன்னா நின்னுரும் சார்" என்றேன். புகாராகத்தான் சொன்னேன். சாயங்காலம்வரை நான் பட்ட பாட்டை நீங்களே பார்த்தீர்கள் அல்லவா என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமோ வருத்தமோ முகத்தில் இல்லை. என்னை மரியாதைக் குறைவாக அவர் ஒரு நாளும் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை.

"ஒங்க வேலைய யார் வேணும்னாலும் பாக்கலாம். அவரு வேலைய அவரு மட்டுந்தான் பாக்க முடியும். நான் யார வீட்டுக்கு அனுப்புறதும்மா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆள் மாறலாம் கடை அசையக் கூடாது என்று இத்தனை வருடமாகச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"ஆமா" என்றார். "ஒங்க கடைதான் அசையாதே."

அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இன்றைக்கும் குளிக்கும்போது ஒவ்வொரு வசனமாகத் தோன்றுகிறது, எல்லாம் நல்ல வசனம். அன்றைக்கோ மகள் விஷயத்தைச் சொன்னேன். சொன்னதற்காக இன்னும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் இருக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டார். சென்னையில் தனக்குத் தெரிந்த கம்பெனிகளில் சொல்லிவைப்பதாகச் சொன்னார். உங்களை மாதிரி எழுதுகிறவர்களுக்கு எங்கே போனாலும் வேலை என்றார். அது உண்மை. எங்கே போனாலும் வேலை இருந்தது, புதுக்கோட்டையைத் தவிர.

அதோடு விடவில்லை. நோட்டீஸ் மாதத்தில் ஒரு நாள் போனில் கூப்பிட்டார். போவதற்குள் லாரிப் பாதியையும் உங்கள் லைப்ரரிக்கு மாற்றி, உங்கள் பாதி மாதிரியே ஆக்கிக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. கடை அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. திருமயத்துக்காரர் அப்போது கண்ணாடித் தடுப்புக்கு அங்கிட்டு உட்கார்ந்து, மனைவி அனுப்பிய குழந்தைப் படங்களைப் பிள்ளைகளிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

என்னால் முடியும். அந்தச் சந்துபொந்துகளை ஒவ்வொன்றாக அடைத்து, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் வேண்டியதை அதன் முதல் வரியில் எழுதி, ஸ்டேட்டைப் பூட்டி வைக்க எனக்கு அந்த மாதம் போதும். கை துறுதுறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்மேல் இரக்கத்தால் விட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் கையால் இன்னொரு நாற்காலியைத் துடைத்து முதலாளியிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "முடியாது சார், அது அவருக்கு மட்டுந்தான் புரியும்" என்றேன். அந்த ஒப்பீட்டு வேலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை அவர் அப்படியே நம்பினார்.

கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். திருமயத்துக்காரர் எனக்கு ஓர் எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கு வாங்கி வந்திருந்தார். என்ன இருந்தாலும் உங்கள் லைப்ரரிதான் ஜெயித்தது, சந்தோஷமாகப் போங்கள் என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார். தன் நாற்காலி எப்படித் தப்பியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அழுத பெண்தான் இப்போது என் பாதியைப் பார்க்கிறாள். நான் வந்த பிறகு ஒரு சந்தேகம் கேட்டுக்கூட அவளிடமிருந்து போன் வரவில்லை.

சென்னையில் வேலை கிடைத்தது. கந்தர்வக்கோட்டையில் என் கணவர் சொன்ன சொல் மாறாதவர், அப்பறம் பாத்துக்கலாம் என்றதன் அர்த்தப்படியே மகளை என்னிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் போனில் கொஞ்ச நேரம் பேசலாம் என்றார்கள், அது மட்டும். முதல் சில வாரம் மகள் கேமராவைக் கூரைக்குக் காட்டிவிட்டு உம் உம் என்பாள். நான் சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் நெட் சரியில்லை என்று சொல்லிக் கட் செய்துவிடுவேன்.

பள்ளிக்கூடம் திறந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளே போனை நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். மறுநாளைக்காக அன்றைக்கே பின்னியிருந்தாள், என் வழக்கப்படியே. யார் பின்னிவிட்டது என்று கேட்டேன். யார் பெயரைச் சொல்லப் போகிறாளோ என்றிருந்தது எனக்கு.

"நானேதாம்மா பின்னுனேன். மொதல்ல கோணலா வந்துச்சு, இப்ப நேரா வருது. நீ இல்லாட்டியும் எனக்கு வருதும்மா."

சொல்லிவிட்டு மோவாயைத் தூக்கிக்கொண்டு, நான் மெச்சுவதற்காகக் காத்திருந்தாள். முதலாளியின் மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். நன்றாக இருக்கிறது என்றேன். திரும்பிக் காட்டச் சொன்னேன். வகிடு நேராக இருந்தது, இரண்டு சடையும் ஒரே அளவு, ரிப்பன் பூ மாதிரி நின்றது. ஒரு குறை சொல்வதற்கு இல்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்றாள். "நான் பின்னுனா வலிக்கவே இல்ல."